மொசக்காரம்மா ஊடு அடுத்த கேட்டு

வாங்க அம்மிணி, வாங்க. கேட்டு தொறந்துதான் இருக்குது. சித்த மேல தூக்கித் தள்ளோணும், கீழ தரையில ஒரசும். ஆங், அப்படித்தான். மொசக்காரம்மா ஊடு தேடித்தான வந்தீங்க? கூடையப் பாத்தாலே தெரியாதுங்களா. மேல துணியப் போட்டு மூடிக்கிட்டு, ரெண்டு கையிலயும் பால் குண்டா புடிக்கற மாதிரி புடிச்சுக்கிட்டு வந்தா உள்ள மொசலுதான். பேக்கரியில வழி கேட்டிருப்பீங்க. வேப்பமரத்துக்கு எதுத்தாப்புல ரெண்டு கேட்டு இருக்கும்னு சொல்லியிருப்பான். எந்தக் கேட்டுன்னு மட்டும் சொல்லவே மாட்டான். வர்றவங்க எல்லாரும் மொதோ கேட்டுக்குத்தான் வருவாங்க. மொதோ கேட்டு நம்மளது. மொசக்காரம்மா ஊடு அடுத்த கேட்டு.

அட, அதுக்குள்ள திரும்பாதீங்க. அவ ஊட்டுல இல்ல. சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போயிருக்கறா. போனா போன சோலியா வர மாட்டா, வழியெல்லாம் ஆளுங்க நிறுத்தி நிறுத்திக் கேப்பாங்க. இந்தச் சேருல உக்காருங்க. முருங்கமரத்து நெழலு இங்கதான் விழுகும். அவ வாசல்ல நெழலே கெடையாது, வெயில்லதான் நிக்கோணும்.

அவ யாருன்னா, என்ற கொழுந்தனார் பொண்டாட்டி. கோகிலா. நான் மூத்த மருமவ, வசந்தாமணி. ஒரே ஊடா இருந்ததுதானுங்க இது. அண்ணந்தம்பி பாகம் பிரிச்சப்ப நடுவுல இந்தச் செவுத்த வெச்சாங்க. நெஞ்சு ஒசரந்தான். எட்டிப் பாத்தா எல்லாந் தெரியும். நான் பாக்க மாட்டேன், அவதான் பாப்பா. அவ பாக்கறது எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. தெரியும்.

காட்டுங்க, மூஞ்சிய மட்டும். சாம்பக் கலரு. நல்லாத்தான் வளத்தியிருக்கறீங்க. கட்டி எங்கீங்க? தோளு மேலயா? தொடலாமுங்களா? ம், எலந்தப்பழம் தண்டி இருக்குது. இன்னொரு மொசலு கடிச்சுதாக்கும்? அப்படித்தான் வருமுங்க. கடிச்ச எடம் மேல மூடிக்கும், உள்ள சீழ் வெச்சு நிக்கும். நமக்கு வர்ற கட்டியாட்ட இல்ல இது. நமக்குன்னா பழுத்து ஒடைஞ்சு ஓடிரும். மொசலுக்குச் சீழு தண்ணியா இருக்காது. பல்லு வெளக்கற பேஸ்ட்டாட்டக் கெட்டியா, ஒரு பைக்குள்ள இருந்துக்கும். பிதுக்குனா பாதிதான் வரும். பை உள்ளயே இருக்கும், மறுபடியும் ரொம்பிக்கும். பாத்தீங்களா, எனக்கும் தெரியுதுல்ல? ஆனா என்னையக் கேக்கத்தான் ஆளில்ல.

தீனி திங்குதுங்களா? புழுக்கை போடுதா? அப்ப பயமில்ல. தீனி நிறுத்துனாத்தான் மொசலு போயிரும். ஒரு நாளு திங்காம இருந்தாலே போச்சு. இந்தத் தாடைக்குக் கீழ கட்டி வந்தா, அது எப்படி இருக்குமுங்க? உங்களுக்கு யாராச்சும் சொல்லியிருக்கறாங்களா? இல்லீங்க, சும்மா கேட்டேன். உங்களுதுக்குத் தோளுலதான். தண்ணி குடிக்கறீங்களா?

மொதல்ல இந்த ஊர்ல மொசலு வளத்தது ஆரு தெரியுமுங்களா? நானு. என்ற புள்ளையக் கட்டிக் குடுத்து அனுப்புனதுக்கு அப்பறம் ஊடு வெறிச்சுனு கெடந்துச்சு. எங்கூட்டுக்காரரு வாயத் தொறந்தா கரண்டு வந்துச்சா, மோட்டாரு ஓடுதா, அவ்ளோதான். அந்த மனுசன் ஒரு நா சந்தைக்குப் போயிட்டு வந்து, துண்டுக்குள்ள இருந்து வெள்ளையா ஒண்ண எடுத்து என்ற மடியில வெச்சாரு. மல்லின்னு பேரு வெச்சேன். தெருவே வந்து பாத்துச்சு. அவளும் பாத்தா. செவுத்துக்கு அக்கட்ட நின்னுக்கிட்டு, "எவ்ளோ அழகா இருக்குதுங்க்கா"ன்னா. பாத்தவ கம்முனு இருந்திருக்கலாமுல்ல? அடுத்த சந்தைக்கு என்ற கொழுந்தனாரு சோடியாக் கொண்டாந்துட்டாரு. எனக்கு ஒண்ணு, அவளுக்குச் சோடி. கணக்கப் பாத்தீங்களா?

எப்பவுமே அவ அப்படித்தானுங்க. நான் வாசல்ல செம்பருத்தி வெச்சா அவளும் வெப்பா. நான் வெச்சது மாவுப்பூச்சி புடிச்சு நிக்கும், அவ வெச்சது பூத்துத் தள்ளும். மூத்தது மோழை, இளையது காளைன்னு சொல்லுவாங்களே, அந்தக் கத. எனக்குப் பொறாமையெல்லாம் இல்லீங்க. அவளுக்குத்தான் எம்மேல பொறாமை. கோயல்ல பொங்கல் வெச்சா மொதோ அடுப்ப மூத்த மருமவதான் பத்த வெக்கோணும். நான் பத்த வெச்சு அதுல இருந்துதான் அவ நெருப்பு எடுத்துக்கோணும். அது அவளுக்கு உறுத்தாம இருக்குமுங்களா? இத்தன வருசத்துல ஒரு வார்த்த அதப் பத்திச் சொன்னதில்ல. சொல்லாமயே இருக்கறாள்ல, அதுலயே தெரியலீங்களா?

மல்லிக்குத்தானுங்க மொதல்ல கட்டி வந்துச்சு. கன்னத்துல. நான் என்ன, கையக் கட்டிக்கிட்டா இருந்தேன்? பிளேட வெந்நீல போட்டு எடுத்து, கீறி, பிதுக்கி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் வெச்சேன். ஆறிருச்சு. மறுபடியும் வந்துச்சு. மறுபடியும் கீறுனேன். மறுபடியும் வந்துச்சு. அப்பத்தான் நெனப்பு வந்துச்சு, பேத்திக்குச் சளின்னு டாக்டரு எழுதிக் குடுத்த ரோசு கலரு மருந்து பாதி பாட்டல் மிச்சமா இருந்துச்சு. பச்சப்புள்ளைக்கே குடுக்கறது மொசலுக்குக் கெடுதலா பண்ணும்? ஒரு மூடி ஊத்தி வாயில விட்டேன். நக்கி நக்கிக் குடிச்சுதுங்க, இனிப்புல்ல.

செவுத்துக்கு மேல தல தெரியுது. "அக்கா, அத வாயில குடுக்காதீங்க்கா. மொசலு வித்தவரு சொன்னாரு. அந்த மருந்த டாக்டரு ஊசியாப் போட்டாப் பரவால்லையாமா, வாயில போனா மொசலு வவுத்துக்கு ஆகாதாமா. வாங்க டாக்டருகிட்டப் போலாம், நான் வண்டி எடுக்கறேன்"ன்னா.

எனக்குச் சொல்லித் தர்றா. மொதோ மொசலு வளத்தவளுக்கு, ரெண்டாவது மொசலு வளத்தவ சொல்லித் தர்றா. அவ மட்டும் வாயத் தொறக்காம இருந்திருந்தா நான் ஒரு மூடியோட நிறுத்தியிருப்பனுங்க, சத்தியமா. அவ சொன்னதுனாலதான், அவ பாக்கப் பாக்க இன்னொரு மூடி ஊத்திக் குடுத்தேன்.

மறுநா மல்லி தீனி எடுக்கல. வவுறு கல்லாட்ட இருந்துச்சு. அதுக்கும் மறுநா போயிருச்சு.

கண்ணு பட்டுருச்சுங்க. வேற என்ன? நல்லா இருந்த சீவன். நான் செவுத்தோரம் நின்னு கேட்டே போட்டேன், "உன்ற கண்ணுதாண்டி என்ற மல்லியத் தின்னுச்சு"ன்னு. தெருவுல நாலு பேரு நின்னாங்க. அவ அழுதா. அழுதா எல்லாரும் அவ பக்கம் போயிருவாங்கன்னு அவளுக்குத் தெரியும். அன்னீல இருந்து பேச்சு வார்த்த கெடையாது. நானாப் பேச மாட்டேன். அவ நோம்பிக்கு முறுக்குச் சுட்டாச் செவுத்து மேல தட்டுல வெப்பா. நான் தொடறதில்ல. காக்கா தூக்கிக்கிட்டுப் போயிரும். எங்கூட்டுக்காரரும் வாயில நொறுக்கிக்கிட்டே வந்து "ஆமாமா, காக்காதான்"ம்பாரு.

இதுக்கு அப்பறந்தானுங்க அவ ஆட்டமெல்லாம். அவ கெடாய் மொசலுக்குக் கம்பி குத்தி முதுகுல கட்டி வந்துச்சு. கெவுருமெண்டு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனா. அங்க டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு, அந்தப் பைய முழுசா அறுத்தெடுத்துட்டாங்களாமா. பொறவு தெனமும் உப்புத்தண்ணி காய்ச்சி ஆற வெச்சு, ஊசியில்லாத சிரிஞ்சுல அடிச்சு அடிச்சுக் கழுவச் சொன்னாங்களாமா. மேல சீக்கிரமா மூடிரக் கூடாதாமா, அடியில இருந்து ஆறிக்கிட்டு வரோணுமாமா. இவ ஒக்காந்து ஒக்காந்து கழுவுனா. நான் பாத்தேன். பாக்கல, கண்ணுல பட்டுச்சு. அது பொழைச்சுக்கிச்சு.

அவ்ளோதான். அதையப் பாத்துட்டு ஒருத்தி வந்தா, அவ சொல்லி இன்னொருத்தி வந்தா. இப்பப் பாருங்க, எங்கெங்கிருந்தோ வர்றாங்க. இவ ஒண்ணும் பெருசா மந்திரம் போடறதில்ல. மசுர வெட்டி உட்டு, தொட்டுப் பாத்து, புண்ணா இருந்தாக் கழுவி உடுவா. கட்டியா இருந்தா "இது நம்ம கையில இல்ல, டாக்டரம்மாகிட்டப் போங்க"ன்னு தொரத்திப்போடுவா. வர்றதுல பாதிப் பேரு டாக்டருகிட்டத்தான் போறாங்க. நானுந்தான் கேக்கறேன், டாக்டருகிட்டப் போன்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு வைத்தியக்காரி? அத நான் சொல்ல மாட்டனா? இதுக்குப் பேரு மொசக்காரம்மாவாமா. மொதோ மொசலு என்னுது. அந்தப் பேரு ஆருக்கு வந்திருக்கோணும், நீங்களே சொல்லுங்க.

பலாப்பழக் கத கேளுங்க. ஒருத்தரு மொசலு பொழைச்சுக்கிச்சுன்னு இத்தாச்சோட்டு பலாப்பழம் கொண்டாந்து, கேட்டு தெரியாம நம்ம வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டாரு. நான் அது எனக்குத்தான்னு நெனச்சுக்கிட்டனுங்க. யாரோ நம்மள நெனச்சு ஒண்ணு கொண்டாந்திருக்கறாங்களேன்னு. அறுத்து ரெண்டு சொளை வாயில போட்ட பொறவு அந்த மனுசன் திரும்பி வந்து, "மொசக்காரம்மா ஊடு அடுத்ததாமுல்லங்க"ங்கறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? மிச்சத்த அப்படியே தூக்கிக் குடுத்துட்டேன். அதுல பாதிய அறுத்து மறுபடியும் செவுத்து மேல வெச்சா. வேணும்னே.

அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன். எங்கூட்டுக்காரரு ஒரு நா சோத்துல கைய வெச்சுக்கிட்டுச் சொல்றாரு, "கோகிலாவுக்கு நல்ல கைராசி"ன்னு. இத்தன வருசம் என்ற கையில வாங்கித் தின்ன மனுசன். என்ற கையில அவருக்கு ஒரு ராசியும் தெரியல. அன்னிக்கு ரசத்துல உப்பே போடல நானு. அவரு கண்டுக்கவே இல்ல, அதையும் குடிச்சுப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

இருங்க. வண்டிச் சத்தம். அவளுதுதான், அந்தப் பால் கேனு லொடலொடன்னு முன்னாடியே வந்து சொல்லிரும்.

எந்திரிக்காதீங்க அம்மிணி, ஒரு நிமிசம். உக்காருங்க. உங்களுக்கு நெழல் குடுத்தேன், தண்ணி குடுத்தேன், எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணோணும். சத்தமாப் பேசாதீங்க. தெனமும் இந்தக் கேட்டுக்கு ஆளுங்க வர்றாங்க, அக்கட்டப் போங்கன்னு மூஞ்சியக் காட்டி அனுப்பிச்சுருவேன். இன்னிக்குத்தான் ஒருத்தரக் கூப்புட்டு உக்கார வெச்சேன். உங்க மூஞ்சியப் பாத்தா, நீங்க பொய் சொன்னாலும் எவளும் நம்பற மூஞ்சியா இருந்துச்சு.

எங்கிட்ட ஒரு மொசலு இருக்குதுங்க. உள்ள, சாமான் ரூமுல. ஜிம்மின்னு பேரு. நாய்க்கு வெக்கற பேருதான், எங்கூட்டுக்காரரு வெச்சாரு, இருந்துட்டுப் போகுது. அதுக்குத் தாடைக்குக் கீழ கட்டி. ஆமாங்க, அதுக்குத்தான் கேட்டேன். ரெண்டு வாட்டி கீறிப் பாத்துட்டேன். மறுபடியும் வந்துருச்சு. நேத்து ராத்திரியில இருந்து வாயி ஒழுகுது. பேக்கரி வர்க்கிய டீயில நனைச்சு நனைச்சுக் குடுப்பேன், அதுக்கு உசுரு அது. இன்னிக்கு அதையும் மோந்து பாத்துட்டுத் தள்ளிப்போடுச்சு. மல்லியும் இப்படித்தானுங்க தள்ளுச்சு.

அவகிட்ட நானாக் கொண்டு போக முடியாது. பேச்சில்லைங்கறது மட்டுமில்ல. ஜிம்மி என்னுதில்லீங்க. மல்லி போயி, அந்தப் பலாப்பழக் கதையும் நடந்த பொறவு, ஒரு நா விடியால கேட்டுல ஒரு கூடை தொங்குச்சு. உள்ள உள்ளங்கை தண்டி குட்டி. அந்தப் பலாப்பழ மனுசனாட்டவே யாரோ அவளுக்குக் கொண்டாந்து, கேட்டு தெரியாம இங்க மாட்டிட்டுப் போயிருக்கறாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்து உள்ள வெச்சுக்கிட்டேன். பலாப்பழத்தத் திருப்பிக் குடுத்தனுல்ல? இதக் குடுக்க மாட்டேன்னுட்டேன். அவளுக்கு வர்றதெல்லாம் அவளுக்கேவா போகோணும்? அவகிட்ட இருந்து நான் எடுத்துக்கிட்டது இது ஒண்ணுதானுங்க. அது உள்ள தத்தித் தத்தி ஓடறப்பெல்லாம், இது அவளுக்கு வந்தது, எங்கிட்ட இருக்குதுன்னு நெனப்பேன். ஒரு சந்தோசமா இருக்கும். அவ கண்ணுல பட்டா யாராச்சும் கேட்டுக்கிட்டு வந்துருவாங்கன்னு வெளியவே உட்டதில்ல. வெயிலு தெரியாது, புல்லு தெரியாது அதுக்கு. மகராணியாட்ட வர்க்கியும் பன்னும் பால்சோறும் தின்னு வளந்துச்சு. அவ ஊட்டு மொசலு மாதிரி வெறும் புல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கல.

இருங்க, கொண்டாறேன்.

பாத்தீங்களா, எப்படி வெள்ளையா இருக்குது. ஒரு காது மட்டும் கறுப்பு. முதுகுல செவப்பா இருக்கறது ரத்தமில்லீங்க, பயப்படாதீங்க. செங்காவி. செம்மறியாட்டுக்கு அடையாளம் வெப்பாங்கல்ல, அது. எங்கப்பன் ஊட்டுல ஆடு நெறைய. அடுத்தவன் ஆட்டப் புடிச்சவன் மொதல்ல காவியத்தான் மாத்துவான். காலையில கொழைச்சு முதுகுலயும் அந்தக் காதுலயும் பூசி உட்டேன். இனி எந்த மொசலுன்னு எவளுக்கும் தெரியாது. உங்க கூடையில உங்களுது பக்கத்துல வேண்டாம், கடிச்சுக்கும். இந்தக் கூடையில வெச்சுத் தர்றேன். ரெண்டும் உங்களுதுன்னு சொல்லுங்க. அவ என்ன சொல்றாளோ அத அப்படியே கேட்டுக்கிட்டு வந்து எங்கிட்டச் சொல்லுங்க. எம்பேரு வாயில வரக் கூடாது. போங்க, போங்க. அடுத்த கேட்டு. அது நல்லாத் தொறக்கும், ஒரசாது.

காதப் புடிச்சுத் தூக்க வேண்டாம்னு சொல்லுங்க அவகிட்ட. அவளுக்குத் தெரியும். இருந்தாலுஞ் சொல்லுங்க.

*

வந்துட்டீங்களா. எத்தன நேரம். செவுத்தோரம் நின்னுக்கிட்டே இருந்தேன், ஒண்ணும் காதுல விழுகல. அவ எப்பவும் மெல்லத்தான் பேசுவா, கேக்கறவங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னே. உக்காருங்க. ஜிம்மியக் காட்டுங்க மொதல்ல.

செங்காவி எங்கீங்க?

தொடைச்சுட்டாளா? ஈரத்துணிலயா? காதுக்குள்ள தண்ணி போகலீல்ல? சரி. பொறவு?

பல்லா? கட்டி வந்தது பல்லுல இருந்தா? மொசலுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்குமா? அது எனக்கும் தெரியுமே. ஓ, புல்லு கடிச்சாத்தான் தேயுமாமா. மெத்துனு தின்னா தேயாம, வேரு உள்பக்கமாப் போயிக் கட்டி கட்டுமாமா. "வர்க்கி திங்கற மொசலு இது"ன்னாளா? எப்படிங்க கண்டுபுடிச்சா? வாயில மோந்து பாத்தாளா? மேல கீறுனா ஆறாதாமா, டாக்டரம்மா எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்து, அந்தப் பல்லப் புடுங்கி, பையையும் எடுத்தாத்தான் பொழைக்குமாமா. பொழைக்குமுன்னு சொன்னாளா? அவ வாயால சொன்னாளா? "பொழைக்கும், ஆனா தள்ளிப்போடக் கூடாது"ன்னாளா. ம்.

உங்களுதையும் டாக்டருகிட்டத்தான் போகச் சொன்னாளா? நாந்தான் அப்பவே சொன்னனே, தொரத்துவான்னு.

சிரிச்சாளா என்னையப் பாத்து? இல்ல, உங்களப் பாத்து. ரெண்டும் உங்களுதுன்னு சொன்னப்ப. சிரிக்கலையா? கம்முனு காவியத் தொடைச்சாளா? தொடைச்சுப்போட்டு அந்தக் காதப் பாத்தாளா? சொல்லுங்க அம்மிணி, ஏன் மெல்லறீங்க? எனக்கு ஒண்ணும் ஆகாது.

"இது எங்க கறுப்பி போட்ட குட்டி."

அப்படியா சொன்னா. அவ ஊட்டு மொசலு போட்ட குட்டியா?

அப்ப யாரு கொண்டாந்து மாட்டுனது?

மறுபடியும் சொல்லுங்க. அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க. "மல்லி போனதுல இருந்து அக்கா சரியாச் சாப்புடறதில்லைன்னு மாமா சொன்னாங்க. நேர்ல குடுத்தா அக்கா வாங்க மாட்டாங்க. அதனால நாந்தான் விடியால போயிக் கேட்டுல மாட்டிட்டு வந்தேன்."

மாமான்னா, எங்கூட்டுக்காரரு. அந்த மனுசனுக்கும் தெரியும். முறுக்கு தின்ன வாயி எப்படி அதச் சொல்லும்? கூடையப் பாத்து, "அட, யாரு வெச்சாங்களோ"ன்னு எப்படி ஆச்சரியப்பட்டாரு தெரியுமுங்களா. பேரு வெக்கறாரு, ஜிம்மின்னு.

இருங்க, என்னைய சித்த உடுங்க.

இல்லீங்க, அழுகல. காவி கண்ணுல பட்டுருச்சு, காலையில கொழைச்சது.

அவ எப்படிப்பட்டவன்னு பாத்தீங்களா? அவகிட்ட இருந்து நான் எடுத்துக்கிட்டது ஒண்ணு இருந்துச்சுங்க. அவளுக்கு வந்தது, எனக்குக் கெடைச்சுதுன்னு, என்னுதுன்னு சொல்லிக்கறதுக்கு ஒண்ணே ஒண்ணு. அதையும் அவ குடுத்ததாப் பண்ணிப்போட்டா. இத்தன நாளு செவுத்துக்கு அக்கட்ட இருந்துக்கிட்டு, நான் ஒளிச்சு ஒளிச்சு வெச்சு வளக்கறதத் தெரிஞ்சுக்கிட்டே கம்முனு இருந்திருக்கறா. ஒரு வார்த்த சொல்லிக் காட்டியிருந்தா நானும் நாலு வார்த்த சொல்லியிருப்பேன், தீந்திருக்கும். சொல்லாம இருந்திருக்கறா.

இதுக்கு நான் என்னத்தங்க பண்றது?

என்னங்க? இன்னும் இருக்குதா? இன்னிக்கு டாக்டரம்மா இல்லியாமா, நாளைக்குப் பால் ஊத்திப்போட்டு வந்ததும் அவளே வண்டியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறாளாமா. வளத்தவங்க கூட வரோணுமாமா. ஏனாமா? புது ஆளு கை பட்டா மொசலு பயந்தே போயிருமாமா, பழகுன கையில இருந்தாத்தான் மயக்க ஊசி போடற வரைக்கும் நடுங்காம இருக்குமாமா. "அக்கா கையிலதான் அது நிக்கும்"ன்னாளா? அக்கான்னா சொன்னா? அப்படியேவா சொன்னா?

அவ வண்டியில நான் பின்னாடி உக்காந்துக்கிட்டுப் போகோணும். மூத்தவ. அந்தப் பேக்கரி வழியாத்தான் போகோணும், வேற வழி கெடையாது. ஊரே பாக்கும்.

ஜிம்மி, கம்முனு இரு. இங்க பாருங்க, எம்மடியில வந்ததும் எப்படித் தலைய உட்டுக்குது பாருங்க. அவ மடியில இப்படி உட்டுச்சா? உண்மையச் சொல்லுங்க. இல்லீல்ல? ம்.

நீங்க கெளம்புங்க அம்மிணி, வெயிலு ஏறுது. போறப்ப அந்தக் கேட்டுல ஒரு எட்டு நின்னு சொல்லிப்போட்டுப் போயிருங்க. செவுத்துக்கு மேல நான் கூப்புட்டுச் சொல்ல மாட்டேன். அக்கா வர்றாங்களாமா, நாளைக்கு ரெடியா இருப்பாங்களாமான்னு சொல்லுங்க. வர்க்கி இனிக் குடுக்க மாட்டாங்களாமான்னும் சொல்லுங்க.

அப்பறம் இன்னொண்ணு. வண்டிய அவ ஓட்டட்டும், டாக்டரம்மாகிட்ட அவளே பேசட்டும். கூடைய மட்டும் நாந்தான் புடிச்சுக்குவேன்னு சொல்லிருங்க.